தெருவே சேர்ந்து கொடுத்த விட்டமின்

லேப் டெக்னீஷியன் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று லேப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். "சார், காலமெல்லாம் ஊசி குத்தியிருக்கீங்க, நாலு பக்கம் எழுத மாட்டீங்களா?" என்று கேட்டது எங்கள் லேபில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்த பெண். ஊசி குத்துவதற்கும் எழுதுவதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஓய்வு பெற்றவனுக்கு ஒரு வேலை வருகிறதென்றால் விடுவானா? பேனாவை எடுத்துவிட்டேன்.

என் பெயர் தேவராஜ். ஏனாத்தூர் பக்கத்து ஆள். அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். நான் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, வெள்ளைக் கோட்டோடு வீட்டுக்கு வந்த அன்று அம்மா என்னைக் கம்பவுண்டர் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். கடைசிவரை அதைத் திருத்த முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனால் இன்றும் பாதிப் பேருக்கு நான் கம்பவுண்டர்தான். மீதிப் பேர் ரத்தக்காட்டேரி என்பார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன்.

இன்றைக்குத் தொழில் மாறிவிட்டது. போனைத் தட்டினால் பைக்கில் ஒரு தம்பி ஐஸ் பெட்டியோடு வீட்டுக்கே வருகிறான். அறுபது எழுபது டெஸ்ட் அடங்கிய ஒரு பட்டியலில் தவறாமல் விட்டமின் டி இருக்கிறது. கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர், "உங்களுக்கு டி எவ்ளோ?" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கேட்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இப்படி ஒரு டெஸ்ட் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. பிறகு சென்னைக்கு அனுப்பி வரவழைத்தோம். அப்புறம் எங்கள் லேபிலேயே இயந்திரம் வந்தது. கொரோனாவும் வந்தது. டி குறைந்தவர்களைத்தான் கொரோனா படுத்துகிறது, டி ஏறினால் உடம்பு சீக்கிரம் தெளிந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் பரவியதும் ஊரே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டது.

எங்கள் லேப் தலைமை டாக்டர் கல்யாணி அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் என் வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. கடைநிலை ஊழியர் முதல் எல்லாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பு கண்டால், "அப்படியா?" என்று மட்டும் கேட்பார். அந்த ஒரு வார்த்தைக்கு, கத்துகிற டாக்டர் நாலு பேர் எவ்வளவோ தேவலை என்று நினைத்துக்கொள்வோம். எந்த நம்பரையும் பார்த்தவுடன் நம்பமாட்டார். பயப்படவும் மாட்டார். "நம்பர் பொய் சொல்லாது, ஆனா நாம எடுத்த விதம் பொய் சொல்ல வைக்கும்" என்பார்.

அவர் போட்ட சட்டங்களில் ஒன்று, ரத்தம் எடுக்கும்போது, "நீங்கதானே ஏகாம்பரம்?" என்று கேட்கக்கூடாது. "உங்க பேரைச் சொல்லுங்க" என்றுதான் கேட்கவேண்டும். குழாயில் பெயர் எழுதாமல் அந்த ஆளின் பக்கத்தை விட்டு நகரக்கூடாது. எங்கள் ஊரில் இதன் அருமை தெரியும். சாமி பெயர் வைக்காத வீடே கிடையாதே. ஒருமுறை காமாட்சி என்று கூப்பிட்டேன். மூன்று பேர் எழுந்தார்கள். முந்திக்கொண்டு வந்து கையை நீட்டிய அம்மாளிடம் முழுப்பெயர் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லபா. எங்க அக்காகூட தொணைக்கு வந்தேன். நீ கூப்ட்டியேன்னு வந்தேன்" என்றார்.

கூப்பிட்ட மரியாதைக்கு ரத்தம் கொடுக்கத் தயாராக இருந்த புண்ணியவதி. இந்த ஊர் மனிதர்கள் இப்படித்தான். இனிமேல் நான் சொல்லப்போகும் கதையும் அதே குணத்தில் விளைந்ததுதான்.

கொரோனா ஓய்ந்துவந்த சமயம். நன்கொடையாளர் சிலர் சேர்ந்து பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் குடும்பங்களுக்கு இலவச முகாம் நடத்தினார்கள். ஒரு தெருவுக்கு எங்கள் லேப் போனது. தெருவில் வெயில் கொளுத்துகிறது. ஆனால் முடிவு வந்தபோது ஏறக்குறைய எல்லாருக்கும் விட்டமின் டி தரையில் கிடந்தது. வெயிலில்தானே உடம்பு அதைத் தயாரிக்கிறது, இந்த ஊரில் வெயிலுக்கு என்ன குறை என்று எங்கள் லேபில் ஒரு பிள்ளை கேட்டான். தறி இருப்பது வீட்டுக்குள். வெயில் பட்டால் பட்டின் சாயம் மங்கும் என்று ஜன்னலை அடைத்திருப்பார்கள். காலையில் தறியில் உட்கார்ந்தவர் எழுந்து வெளியே வரும்போது வெயில் இறங்கியிருக்கும்.

"விடியக்காத்தால பாவு போடச்சொல்ல தெருவுலதானே நிக்கிறோம், டாக்டரம்மா? அந்த வெயில் போதாதா?" என்று கேட்டார்கள்.

பாவு என்பது சேலையின் நீளவாக்கு நூல். தறியில் ஏற்றுவதற்கு முன் தெருவின் நீளத்துக்கு அதை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்துச் சரிசெய்வார்கள். ஒரு வீட்டுப் பாவுக்கு அந்தத் தெருவே கை கொடுக்கும். கூலி பேச்சே கிடையாது, இன்று நீ எனக்கு, நாளை நான் உனக்கு. அதை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார்கள்.

"அந்த இளவெயில் கண்ணுக்கு அழகு. உடம்புக்குப் போதாது. பத்து மணிக்கு மேல கொஞ்ச நேரம் கை கால்ல படணும்" என்றார் டாக்டர். பத்து மணிக்கு மேல் தறியை விட்டு எழுந்திருக்கச் சொல்கிற டாக்டரை அவர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள். அதனால் ஆளுக்கு இரண்டு மாதத்துக்கான மருந்துப் பாக்கெட்டும் கொடுத்தோம். மணல் போன்ற தூள். வாரம் ஒன்று, பாலில் கலந்து குடிக்கவேண்டும். வாரம் ஒன்றுதான் என்று டாக்டர் ஒவ்வொருவரிடமும் சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைத்தார்.

அந்தத் தெருவில் எல்லாரையும்விடக் குறைவாக இருந்தது ஏகாம்பரத்துக்கு. ஐம்பது தாண்டியவர், கனிந்த முகம். கொரோனாவில் ஆக்ஸிஜன் வைத்துப் பிழைத்து வந்தவர். காய்ச்சலும் இருமலும் போய்விட்டன. ஆனால் தறியில் உட்கார்ந்து நாலு இழை ஓட்டினால் மூச்சு வாங்கியது. அந்தத் தெருவில் யார் வீட்டுப் பாவு என்றாலும் முதல் ஆளாக வந்து நின்றவர் அவர் என்று சொன்னார்கள். இப்போது வாசலுக்கு வருவதே இல்லை.

உடம்பு மட்டும் காரணமில்லை. அவருக்கு நோய் என்று தெரிந்தவுடன் நகராட்சி ஆட்கள் வந்து அவர் வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். தகவல் சொன்னது பக்கத்து வீட்டுத் தனபால். தனபாலுக்கு அப்போது பேரக்குழந்தை பிறந்திருந்தது, பயந்துவிட்டார். தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. ரத்தம் எடுக்கும்போது ஏகாம்பரம் என்னிடம் சொன்னார்.

"ஒடம்பு சரியாயிடும்பா. ஆனா ஒரு மனுசன் எட்டிப் பாக்கல. சொந்தக்காரன் கூட வர்ல. ஒண்ணா வளந்தவன் தனபால், அவனே தகரம் அடிக்கச் சொன்னான். இனிமே இந்தத் தெருவுல எனக்கு யாருக்கீறாங்க?"

பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

முகாம் முடிந்து சில வாரங்கள் போயிருக்கும். ஏகாம்பரத்தின் மனைவி சரசு அவரை எங்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்தார். சோறு இறங்கவில்லை, வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல். பேச்சும் கொஞ்சம் தடுமாறியது. சிவப்பு நூலைக் காட்டினால் பச்சை என்றாராம். கொரோனாவின் மிச்சமாக இருக்கும் என்று தெருவில் எல்லாரும் சொன்னார்களாம். வார்டு டாக்டர் ரத்த டெஸ்ட் எழுதிக் கொடுத்து, முடிவோடு மாலையில் வரச்சொன்னார். அவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

கால்சியம் வந்தபோது நான் இயந்திரத்தை இரண்டு தடவை பார்த்தேன். அப்படி ஒரு நம்பரை நான் அதுவரை கண்டதில்லை. அந்த அளவில் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். சிறுநீரகம் கெடத் தொடங்கியதும் கூடவே வந்த இன்னொரு நம்பரில் தெரிந்தது. டாக்டர் முன் கொண்டுபோய் வைத்தேன்.

"அப்படியா?" என்றார். ஆனால் இந்தத் தடவை அது என்னைப் பார்த்துச் சொன்னதல்ல.

அளவு முன்பே தெரிந்த சோதனை ரத்தத்தை இயந்திரத்தில் ஓட்டச் சொன்னார். இயந்திரம் சரியாகவே சொன்னது. ஏகாம்பரத்தின் ரத்தத்தை மறுபடி ஓட்டச் சொன்னார். அதே நம்பர். வார்டு டாக்டருக்குப் போன் போட்டார். "நம்பர் இது. உடனே படுக்கை தயார் பண்ணுங்க. நம்பலாமா வேண்டாமான்னு மறுபடி ரத்தம் எடுத்துச் சொல்றேன்" என்றார். பிறகு என்னிடம், "கட்டு போடாம எடுங்க, தேவராஜ்" என்றார்.

இந்த இடத்தில் இளம் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நரம்பு எழும்ப மேல்கையில் ரப்பர் பட்டை கட்டுகிறோம். கையை மூடித் திறக்கச் சொல்கிறோம். நரம்பு கிடைக்காமல் தேடித் தேடிப் பட்டையை அப்படியே விட்டுவைத்தால், ரத்தத்தின் நீர் வெளியே கசிந்து மீதி கெட்டியாகி, கால்சியம் இல்லாத உயரத்துக்கு ஏறிக் காட்டும். ஆகவே சந்தேகம் வந்தால் பட்டை கூடாது, முஷ்டி கூடாது, கை தளர்ந்து தொங்கவேண்டும், நரம்பு தானாக வரும்வரை காத்திருக்கவேண்டும். கையில் வெந்நீர்த் துணி போட்டால் உதவும். அவசரப்படுகிறவனுக்கு இது ஆகாது. அன்று எனக்கு அவசரமும் இருந்தது, அவசரப்படக்கூடாது என்பதும் இருந்தது.

டிவிஎஸ் ஐம்பதை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் போனேன். ஏகாம்பரம் பாயில் படுத்திருந்தார். பெயரைச் சொல்லச் சொன்னேன். யோசித்து, தன் பெயரைச் சொல்லிவிட்டு, எதற்கோ தனபால் பெயரையும் சொன்னார். சரசு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். நான் வெந்நீர்த் துணியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. எதிர்வீட்டு அம்மா ஒரு டம்ளர் பாலைத் தட்டால் மூடி எடுத்துவந்தார். சரசு வாங்கி வைத்தார். நான் நரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது பின்வாசலில் வேறொரு பெண் இன்னொரு டம்ளரோடு வந்தார். ஊசியை எடுத்துப் பஞ்சு வைப்பதற்குள் வாசலில் இன்னொருவர் தலை தெரிந்தது. என்னைப் பார்த்ததும் டம்ளரோடு மறைந்துவிட்டார்.

"எப்பவும் இப்டித்தானா?" என்று கேட்டேன்.

"அடைச்சுக்கினு இருந்தவங்க இப்பதான் வர்றாங்க. வேணாம்னா மனசு கஷ்டப்படுவாங்கன்னு குடிச்சுடறாருபா. சோறு எறங்காட்டியும் பால் எறங்குது" என்றார் சரசு.

குடித்து வைத்திருந்த டம்ளர் ஒன்றின் அடியில் கரையாத தூள் ஒட்டியிருந்தது.

"அது கல்கண்டு" என்றார் சரசு. அவர் அதை மனதார நம்பினார்.

லேபுக்கு வந்து ஓட்டினேன். பட்டை கட்டாமல் எடுத்த ரத்தமும் அதையே சொன்னது. டம்ளர் விஷயத்தையும் டாக்டரிடம் சொன்னேன். உடனே விட்டமின் டி பார்க்கச் சொன்னார். இயந்திரம் தன்னால் அளக்க முடிகிற எல்லைக்கு மேல் என்று கைவிரித்தது. ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைப் பலமடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டியபோதுதான் எண் கிடைத்தது. சில வாரத்துக்கு முன்பு தெருவிலேயே கடைசியில் நின்றவர், இப்போது தெரு முழுவதற்கும் சேர்த்து வைத்திருந்தார். அது மிஞ்சினால் எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் கால்சியத்தை ரத்தத்துக்குள் கொட்டும்.

அன்று மாலைக்குள் ஏகாம்பரம் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். டிரிப்ஸ் ஏறியது. பாலுக்குத் தடை, டிக்குத் தடை. சிறுநீரகம் பிழைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் வார்டு டாக்டர். சரசு, "வாரம் ஒண்ணுதாம்மா குடுத்தேன், சாமி சத்தியமா வாரம் ஒண்ணு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"உங்க மேல தப்பு இல்லம்மா" என்றார் டாக்டர். பிறகு என்னிடம், "தெருவுக்குப் போய் யார் யார் குடுத்தாங்கன்னு கேட்டு வாங்க. எவ்ளோ போயிருக்குன்னு தெரிஞ்சா இது எவ்ளோ நாள் இழுக்கும்னு சொல்லலாம். அதட்டாதீங்க" என்றார்.

தெருமுனையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கேட்டேன். யாரும் கொடுக்கவில்லையாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பாலைத் தவிர வேறெதுவும் தெரியாது என்றார்கள். சரியென்று வண்டியைத் திருப்பினேன். இரண்டு வீடு தாண்டியதும் ஒருவர் ஓடிவந்தார்.

"அண்ணே, யார்கிட்டயும் சொல்லாதீங்க. எனக்குக் குடுத்த பாக்கெட்ட அவருக்குப் பால்ல போட்டுக் குடுத்தேன். நான் நல்லாதானே கீறேன். நான்தாண்ணே அவர இப்டி பண்ணிட்டேன்."

அவரைத் தேற்றி அனுப்பிவிட்டுத் திருப்பத்துக்கு வந்தால் அங்கே எதிர்வீட்டம்மா. அதே வாக்கியம். கோயில் மதிலோரம் ஒருவர். அதே வாக்கியம். மறுநாள் லேபுக்கே வந்து, சர்க்கரை டெஸ்ட் என்று சொல்லி உட்கார்ந்து, கையை நீட்டிக்கொண்டே என் காதில் சொன்னார் ஒருவர். எங்கள் சர்ச் சாமியார்கூட ஒரு வாரத்தில் இத்தனை பேர் பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனம் கேட்டிருக்கமாட்டார். ஒவ்வொருவரும் தான் ஒருவர் மட்டும்தான் கொடுத்ததாக நினைத்திருந்தார்கள். வாங்கிய மருந்தை அடுத்தவருக்குக் கொடுத்தால் டாக்டரம்மா திட்டுவார் என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்ட குற்ற உணர்ச்சி ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. ஏகாம்பரத்துக்குத்தான் ரொம்பக் குறைவு என்று சரசு சொல்லிக் கேட்டிருந்தார்கள், டி ஏறினால் தெளிந்துவிடுவார் என்று போனில் படித்திருந்தார்கள். அவர் மேலும் சோர்ந்ததும் மேலும் கொடுத்தார்கள்.

டாக்டரிடம் சொன்னேன்.

"குறைஞ்சவங்களுக்கு நிரப்பணும், அது சரி. டி குறைஞ்சதால இந்த நோய் முத்துதா, நோயால டி குறையுதா, ரெண்டுக்கும் வேற காரணமான்னு இன்னும் உறுதியா யாருக்கும் தெரியாது. நிறைஞ்ச குடத்துல ஊத்தினா குணம் ஆகாது, அது மட்டும் தெரியும்" என்றார். பிறகு, "இவங்க ஒவ்வொருத்தரும் தனித்தனியா கொலைகாரன்னு நெனச்சுக்கிட்டு இருக்கறது நல்லதில்ல. எல்லாரையும் ஒரே இடத்துல பிடிக்கணும். கூப்பிட்டா வருவாங்களா?" என்று கேட்டார்.

"ஓடிடுவாங்க டாக்டர். ஆனா பாவு போடும்போது ஓட முடியாது" என்றேன்.

மறுநாள் காலை தனபால் வீட்டுப் பாவு. தெரு நீளத்துக்கு மஞ்சள் பட்டு இழுத்துக் கட்டியிருந்தது. இருபுறமும் ஆண்களும் பெண்களுமாக இழையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கையை விட்டால் பாவு சிக்கிவிடும். டாக்டர் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நடுவில் வந்து நின்றார். எல்லாருக்கும் முகம் வெளுத்துவிட்டது.

"ஏகாம்பரத்துக்கு யாரும் விஷம் வைக்கல. மருந்து குடுத்தீங்க. ஒருத்தர் குடுத்திருந்தா அவருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. ஆனா ஒருத்தர் மட்டும் குடுக்கல. எல்லாரும் குடுத்திருக்கீங்க" என்றார்.

எதிர்வீட்டம்மா பாவுக்குக் குறுக்கே தலையை நீட்டி அடுத்தவரைப் பார்த்தார்.

"நீயுமாடி?"

"நீங்களுமாக்கா?"

"அட, நீ கூடவாபா?"

தெரு முழுக்க அது ஓடியது. ஒருவர் சிரித்தார், இன்னொருவர் அழுதார், யாரும் பாவை மட்டும் விடவில்லை. டாக்டர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் நான் பார்த்தேன்.

"இனிமே மிச்சம் ஏதாவது இருந்தா அத அவங்கவங்க குடிங்க. பத்து மணிக்கு மேல வெயில்ல உக்காருங்க. அவருக்கு ஒரு சொட்டுப் பால்கூட எடுத்துட்டுப் போகாதீங்க" என்றார்.

பாவு முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு தனபால் என் வண்டிப் பக்கம் வந்து நின்றார்.

"என்னுது, எம் பொண்டாட்டிது, புள்ளைது, மருமவளுது, நாலு பேருதும் அவனுக்குத்தான் போச்சு. நானே கலந்து, வெறும் பாலுன்னு சொல்லி எதிர்வீட்டம்மா கையில குடுத்து அனுப்புவேன். எம் பேரச் சொன்னா குடிக்க மாட்டான்" என்றார். "பொழச்சுக்குவானா சார்?"

அது எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரமெல்லாம் நான் தினமும் ஏகாம்பரத்திடம் ரத்தம் எடுத்தேன், பட்டை கட்டாமல். கால்சியம் ஓரடி இறங்கும், ஒரு நாள் நின்றுவிடும், மறுபடி இறங்கும். உடம்புக் கொழுப்பில் ஒளிந்திருக்கும் டி அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது. சிறுநீரக நம்பர் அசையவே இல்லை. ஒவ்வொரு நாளும் குழாயைச் சுழலவிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொல்வேன். லேப் இயந்திரத்துக்கு முன் ஜெபம் செய்த ஒரே டெக்னீஷியன் நானாகத்தான் இருப்பேன். ஒரு காலை அந்த நம்பரும் இறங்கியது. டாக்டர் அறைக்கு நான் நடந்து போகவில்லை, ஓடினேன்.

ஏகாம்பரம் தெளிந்து உட்கார்ந்ததும் நடந்ததைச் சரசு சொன்னார். அவர் என்னைப் பார்த்தார்.

"எல்லாருமாபா குடுத்தாங்க?"

"எல்லாரும்தான்."

"தனபாலு?"

"அவர்தான் அதிகம்."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "அந்தப் பேமானி ஒரு வார்த்த பேசியிருந்தா நானே எந்திரிச்சு நடந்திருப்பேனேபா. மருந்து எதுக்கு?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். வாசலுக்கு வெளியே தினமும் வந்து நின்றுவிட்டுப் போன தனபாலை அன்று நான் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனேன். இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ரத்தம் எடுக்காமல் நான் வெளியே வந்த ஒரே வார்டு அது.

ஏகாம்பரம் வீடு திரும்பினார். பால் கூடாது, டி கூடாது, கொஞ்ச காலத்துக்கு வெயிலும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார். தெருவுக்கோ வெயில் கட்டாயம். பாக்கெட்டுகள் காலியாகிவிட்டனவே. பத்து மணி அடித்தால் தறிச் சத்தம் நின்றுவிடும். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தெருவோரம் வரிசையாக உட்காருவார்கள். ஏகாம்பரம் மட்டும் எதிர்ப்பக்கம், வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாரையும் கிண்டல் செய்வார். "நல்லா காயுங்கடா, அப்பளம் மாதிரி" என்பார்.

சில மாதம் கழித்து, நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, அந்தத் தெருவுக்கு மறுபடி ரத்தம் எடுக்கப் போனேன். தெருவில் எல்லாருக்கும் டி ஏறியிருந்தது. ஏகாம்பரத்துக்கு இறங்கி, இருக்கவேண்டிய இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. தறியில் மறுபடி உட்கார்ந்திருந்தார். ஒரே ஒருவருக்கு மட்டும் போன தடவை இருந்த அதே பள்ளம். தனபால்.

டாக்டர் அந்த ரிப்போர்ட்டைத் தனியே எடுத்து வைத்தார். "இவர் வெயில்ல உக்காரலையா?"

"இல்லைங்க டாக்டர். எல்லாரும் வெயிலுக்குப் போறப்ப இவர் மட்டும் நிழலுக்குப் போயிடறார். ஏகாம்பரம் தனியா இருக்காராம். தினமும் ரெண்டு பேரும் உக்காந்து பேசறாங்க."

டாக்டர் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார்.

"பேசட்டும். இவருக்கு மருந்தாவே எழுதச் சொல்றேன்" என்றார். பேனாவை மூடியவர் என்னைப் பார்த்து, "ஆனா தேவராஜ், அத அவர்தான் குடிக்கிறாரான்னு நீங்க பக்கத்துல நின்னு பாத்துட்டு வாங்க" என்றார்.